பலகை வைக்கும் முன் தரையை அளந்து பார்

பொள்ளாச்சி,
ஐப்பசி 18.

அன்புள்ள அம்மிணிக்கு,

அண்ணன் எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. தோட்டத்தில் வாடல் நோய் கண்ட தென்னைகளை வெட்டியாகிவிட்டது; அந்த இடத்தில் என்ன வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. இந்த வாரம் முழுக்க மழை. கான்கிரீட் வேலை எதுவும் ஓடவில்லை. அதனால் உனக்கு நிதானமாக எழுத முடிகிறது.

நீ அனுப்பிய படங்களை எல்லாம் பெரிதாக்கிப் பார்த்தேன். லீட்ஸில் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட செங்கல் வீடு, பின்பக்கத்துச் சமையலறை, பழைய தரையைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதுக் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். போட்டவர் அவசரத்தில் போட்டிருக்கிறார். மட்டப்பலகை இழுத்த தடம் பாதித் தரையில்தான் தெரிகிறது. மீதியில் மண்வெட்டியால் தள்ளிவிட்ட அடையாளம் அப்படியே இருக்கிறது. இதன்மேல் வெப்பம் தடுக்கும் பலகை, அதன்மேல் சுடுதண்ணீர்க் குழாய், அதன்மேல் குழாயை மூடி ஊற்றும் ஸ்கிரீட் கலவை, அதன்மேல் டைல்ஸ். "மேடு பள்ளத்தை எல்லாம் மேலே ஊற்றும் ஸ்கிரீட் சரிபண்ணிவிடும் என்கிறார் வேலைக்காரர், விட்டுவிடலாமா அண்ணா?" என்று போனில் கேட்டாய். விடக்கூடாது, அம்மிணி. காரணத்தைப் போனில் சொன்னால் பாதி காற்றில் போய்விடும். எழுதிவிட்டால் மாப்பிள்ளையும் படிப்பார், வேலைக்காரரிடம் பேசவும் கையில் ஒரு பிடி இருக்கும்.

உன் அண்ணனுக்கு இங்கிலாந்து வீட்டுத் தரையைப் பற்றி என்ன தெரியும் என்று அங்கே யாராவது கேட்கலாம். நம் ஊரில் தரையைச் சூடாக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லைதான். ஆனால் தரைக்கடியில் வெப்பம் தடுக்கும் பலகை வைக்கிற வேலை நம் ஊரிலும் உண்டு. உடுமலை ரோட்டில் தேங்காய்த் துருவலை உறையவைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு கம்பெனிக்குக் குளிரறைத் தளம் போட்டுக் கொடுத்தேன். உள்ளே மைனஸ் 18 டிகிரி. அந்தக் குளிர் இறங்கி இறங்கி நாளடைவில் அடியிலுள்ள மண்ணையே உறையவைத்துவிடும். மண்ணிலுள்ள ஈரம் பனிக்கட்டியாகிப் பருத்தால் எவ்வளவு கனமான தளமானாலும் தூக்கி வெடிக்க வைத்துவிடும். அதற்காகத்தான் இப்படிப்பட்ட குளிரறைகளில் பலகைக்கும் கீழே வெப்பக் கம்பியோ, சூடான திரவம் ஓடும் குழாயோ, வெளிக்காற்று போய்வரும் குழாயோ பதிப்பார்கள். மேலே பனி, கீழே கதகதப்பு, நடுவில் பலகை. உன் சமையலறையில் இதே அடுக்கு தலைகீழாக வருகிறது: மேலே கதகதப்பு, கீழே ஈர மண், நடுவில் பலகை. பலகைக்கு அடியிலுள்ள கான்கிரீட் எப்படி இருக்க வேண்டும் என்கிற கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான்.

அந்தக் குளிரறையில் இரண்டு அடுக்குப் பலகை. கீழடுக்கின் இணைப்பு மேலடுக்கின் நடுவில் வருகிற மாதிரி மாற்றி மாற்றி வைக்க வேண்டும். கீழடுக்கை முடித்ததும் எஞ்சினியர் எங்கள் எல்லோரையும் செருப்பைக் கழற்றச் சொன்னார். வெறுங்காலில் ஒவ்வொரு பலகையின் நாலு மூலையிலும் மெதுவாக மிதித்து நடக்க வேண்டும். எங்கேயாவது "டக்" என்று ஒரு சின்னச் சத்தம் வந்தால் அந்தப் பலகையைத் தூக்கு, அடியில் பார். பார்த்தால் பட்டாணி அளவு காய்ந்த கலவை ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், இல்லை ஒரு நூல் பள்ளம் இருக்கும். அவ்வளவு சின்ன விஷயம் ஒரு முழுப் பலகையை ஆட்டி வைக்கிறது. ஆளுக்கொரு உளியும் வாரியலும் வைத்துக்கொண்டுதான் நடந்தோம்.

இப்போது உன் தரைக்கு வருகிறேன். பலகை ஆடினால் என்ன ஆகும்? பலகை என்பது உள்ளே காற்றுக்குமிழி அடைத்த நுரை. அடி முழுக்கத் தரையில் படிந்திருந்தால் சமையலறையில் வருகிற பாரத்தைத் தாங்கும். மேட்டின்மேல் நின்று பள்ளத்தின்மேல் தொங்கினால், தொங்குகிற இடத்தில் ஸ்கிரீட்டுக்குக் கீழே பிடிமானமே இல்லை. மேலே ஃபிரிட்ஜ் வைப்பாய், அடுப்பு வைப்பாய், நாலு பேர் கூடி நிற்பீர்கள். குழாயில் சூடு ஏறும்போது ஸ்கிரீட் விரியும், ஆறும்போது சுருங்கும். பிடிமானமில்லாத இடத்தில் முதலில் மயிரிழை விரிசல், அப்புறம் டைல்ஸ் இணைப்பில் பொடி உதிரும். அதற்குப் பிறகு அடியில் போய்ப் பார்க்க வழியே கிடையாது. குழாயோடு எல்லாவற்றையும் உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

உன் வேலைக்காரர் தண்ணீர் போல ஓடும் ஸ்கிரீட்டை ஊற்றப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அது இன்னும் கவனமான வேலை. பலகை ஆடினால் இணைப்பு வாய் திறக்கும். திறந்த வாய் வழியாக அந்தக் குழம்பு அடியில் இறங்கும். ஒரு கன மீட்டர் ஸ்கிரீட் சுமார் 2,000 கிலோ. அதே அளவு பலகை 30 கிலோ சொச்சம். அடியில் புகுந்த குழம்பு பலகையைக் குழாயோடு சேர்த்துத் தூக்கி மிதக்க விட்டுவிடும். ஊற்றிக்கொண்டிருக்கும்போது அதை ஒன்றும் செய்ய முடியாது.

இதற்கெல்லாம் மேலே கனத்தின் பிரச்சினை. ஓடும் ஸ்கிரீட் மேலே மட்டமாகத்தான் நிற்கும், அதில் அவர் சொல்வது சரி. ஆனால் அதன் அடிப்பக்கம் பலகையைப் பின்பற்றும், பலகை கான்கிரீட்டைப் பின்பற்றும். மேட்டில் 45 மில்லிமீட்டர், பள்ளத்தில் 75 என்று ஆனால் என்ன நடக்கும்? மெலிந்த இடத்தில் குழாய்க்கு மேலே போதுமான மூடல் இருக்காது. தடித்த இடம் சூடாக நேரம் எடுக்கும், காலையில் ஒரு பக்கம் கதகதப்பும் மறுபக்கம் சில்லிப்புமாக இருக்கும். கொரியாக்காரர்கள் காலம் காலமாக ஒண்டோல் என்று ஒரு முறை வைத்திருந்தார்கள். அடுப்புப் புகையைத் தரைக்கல்லுக்கு அடியில் ஓடவிட்டு, மறுகோடியில் புகைபோக்கி வழியாக வெளியே விடுவது. அடுப்புக்குப் பக்கத்திலுள்ள இடம்தான் நல்ல சூடு. அது வீட்டுப் பெரியவர்களுக்கு ஒதுக்கிய இடம். அங்கே அது தெரிந்து வைத்துக்கொண்ட ஏற்பாடு. உன் வீட்டில் எந்த மூலை சுடும், எந்த மூலை சுடாது என்பதைக் கான்கிரீட் போட்டவரின் அவசரம் தீர்மானிக்கக் கூடாது.

காய்வதையும் கணக்கில் வை. ஸ்கிரீட் முதல் 50 மில்லிமீட்டர் வரை நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்றுதான் காயும், அதுவும் நல்ல காற்றோட்டம் இருந்தால். அதற்கு மேல் இன்னும் மெதுவாக. லீட்ஸ் மழைக்காலத்தில் 75 மில்லிமீட்டர்ப் பள்ளம் எப்போது காய்வது? மேலே பார்க்கக் காய்ந்தமாதிரி இருக்கும், டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள், அடியில் ஈரம் நிற்கும்.

ஆகவே, முதல் வேலை அளப்பது. படத்தைப் பார்த்து நானோ, கண்ணால் பார்த்து அவரோ சொல்வது எதுவும் அளவு ஆகாது. லேசர் லெவல் அங்கே நாள் வாடகைக்குக் கிடைக்கும். எடுத்தால் முதலில் அதைச் சோதித்துப் பார். சுவரில் ஒரு கோடு விழவிட்டுக் குறி வை, பெட்டியைத் திருப்பி அடுத்த பக்கத்தால் அதே இடத்தில் கோடு விழவிடு. இரண்டும் ஒன்றாக விழவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடு. ஆனால் எனக்கு டியூப் லெவல்தான் திருப்தி. அப்பா மேஸ்திரியாக இருந்தபோது லீவு நாளில் டியூபின் மறுமுனையைப் பிடித்து நின்றவள் நீ. கை மறந்திருக்காது.

கண்ணாடி மாதிரித் தெரியும் டியூப், விரல் பருமனில், பத்துப் பன்னிரண்டு மீட்டர் வாங்கிக்கொள். குழாயடியில் பிடித்து நிரப்பாதே, காற்று அடைக்கும். ஒரு வாளித் தண்ணீரை மேலே மேசையில் வைத்து, ஒரு முனையை அதில் அமிழ்த்தி, மறுமுனையில் உறிஞ்சிவிட்டுக் கீழே விடு. தண்ணீர் தானாக ஓடி வரும், குமிழியும் வெளியேறும். வாளியில் பேனா மையைக் கொஞ்சம் கலந்தால் மட்டம் நன்றாகத் தெரியும். டியூப் முழுவதையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஓடவிட்டுப் பார். எங்கேயாவது ஒரு சின்னக் குமிழி மாட்டியிருந்தாலும் விரலால் சுண்டிச் சுண்டி முனைவரை கொண்டுவந்து வெளியே விட்டுவிடு. அப்புறம் இரண்டு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடி. இரண்டிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் இன்னும் குமிழி இருக்கிறது. டியூப் எந்த இடத்திலும் ஹீட்டர்மேல் படக்கூடாது. முனையில் விரல் வைத்து அடைத்துக்கொண்டு நடந்தால், அளக்கும்போது மறக்காமல் இரண்டு பக்கமும் விரலை எடு. தண்ணீரின் மேல்விளிம்பு டியூபுக்குள் குழிந்து நிற்கும். எப்போதும் அந்தக் குழியின் அடியைப் பார்த்தே குறி வை.

தோட்டத்துப் பக்கம் போகும் கதவின் நிலைக்கட்டையில், முடிவான டைல்ஸ் மட்டத்துக்கு மேலே எங்காவது வசதியான உயரத்தில் ஒரு கோடு போடு. அதை டியூப் வைத்து நாலு சுவருக்கும் கடத்து. ஜன்னல் விளிம்பையோ கூரையையோ நம்பி அளக்காதே. அந்தப் பழைய வீட்டில் எதுவும் மட்டமாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. எதிரெதிர்ச் சுவர்க் கோடுகளுக்கு நடுவே நூலை விறைப்பாகக் கட்டி, மீட்டருக்கு ஒரு புள்ளி என்று கட்டம் கட்டமாக, நூலிலிருந்து தரைவரை டேப்பால் அள. அளக்கும் முன் வாரியலால் தரையைச் சுத்தமாகக் கூட்டு. அளவைத் தரையிலேயே சாக்கால் எழுதிவிட்டுத் தாளிலும் எழுது. ஒன்றை மட்டும் மனதில் வை: எண் பெரிதாக வந்தால் அந்த இடம் பள்ளம், சிறிதாக வந்தால் மேடு. நல்ல கொத்தனார்களே சாயங்கால அசதியில் இதைத் தலைகீழாகப் படித்துவிட்டு, மேட்டை இன்னும் மேடாக்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அளவுத்தாள் கைக்கு வந்தபின் இரண்டு விதக் கோணலைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தரை முழுவதும் ஒரே சீராக ஒரு பக்கம் சாய்ந்திருப்பது ஒன்று. அங்கங்கே திட்டும் குழியுமாக இருப்பது இன்னொன்று. முதலாவது அவ்வளவு மோசமில்லை. பலகை ஆடாமல் படியும், ஸ்கிரீட் கனம்தான் ஒரு கோடியில் கூடும், மறுகோடியில் குறையும். பத்து மில்லிமீட்டர்ச் சாய்வு என்றால் நான் பொறுத்துக்கொள்வேன். இரண்டாவதைப் பொறுக்கக் கூடாது. நாங்கள் இங்கே கொப்பரைக் களம், தென்னை நார்த்தூள் களம் எல்லாம் மழைத்தண்ணீர் ஓட வாட்டம் வைத்துத்தான் போடுகிறோம். ஆனால் அந்த வாட்டத்திலும் ஒரு குழி இருந்தால் தண்ணீர் தேங்கி அங்கே கொப்பரை பூஞ்சணம் பிடித்துவிடும். சாய்வு வேறு, குழி வேறு.

குழியைக் கண்டுபிடிக்க 2 மீட்டர் அலுமினிய மட்டப்பலகை போதும். தரையில் படுக்கவைத்து, அடியில் தெரியும் இடைவெளியை அள. அங்கே பிரிட்டிஷ் தரநிலை பி.எஸ். 8204 முடிந்த தளங்களுக்கு மூன்று தரம் சொல்கிறது: 2 மீட்டர் மட்டப்பலகைக்கு அடியில் 3 மில்லிமீட்டர், 5 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர். வெப்பம் தடுக்கும் பலகைக்கு அடியில் வரும் கான்கிரீட்டுக்கு நடுத்தரமான 5-ஐக் கேள். நம் கணக்கில் ஒன்றரை நூல். அதைவிட நுணுக்கம் தேவையில்லை. மேலே வரப்போவது பலகை, கண்ணாடி அல்ல. நீ வாங்கும் பலகையின் விவரத்தாளிலும் எவ்வளவு வரை ஏற்கும் என்று பார்த்து, எது கண்டிப்போ அதைப் பிடித்துக்கொள்.

இனி சரிபண்ணும் வழி. இங்கேதான் பணம் மிச்சமாகிற இடம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உன் அறை 6 மீட்டருக்கு 5 மீட்டர், 30 சதுர மீட்டர். உதாரணத்துக்கு, நூலிலிருந்து கதவோர மேடு 1,000 மில்லிமீட்டர், பழைய புகைபோக்கியருகே பள்ளம் 1,026, மற்ற இடமெல்லாம் 1,012-லிருந்து 1,018-க்குள் என்று வைத்துக்கொள். தானாக மட்டமாகும் லெவலிங் கலவையைக் கதவோர மேட்டின் உயரம்வரை ஊற்றினால் தரை முழுக்கச் சராசரி 15 மில்லிமீட்டர் வேண்டும். 450 லிட்டர். லிட்டருக்குச் சுமார் 1.7 கிலோ பொடி என்றால் 25 கிலோ மூட்டை 31. அந்தக் கதவோர மேட்டை மட்டும் 10 மில்லிமீட்டர் கொத்தி இறக்கினால் சராசரி 5 மில்லிமீட்டராகக் குறையும். 11 மூட்டைக்குள் அடங்கிவிடும். ஒரு சதுர மீட்டர் மேடு இருபது மூட்டையைத் தின்றுவிடுகிறது. அதனால் முதலில் மேட்டை இறக்கு, பிறகுதான் பள்ளத்தை ஏற்று. வேலைக்காரர்கள் நிரப்புவதைத்தான் விரும்புவார்கள். கொத்துவது சங்கடமான வேலை, தூசு, சத்தம். நீ மேட்டிலிருந்துதான் ஆரம்பிக்கச் சொல்ல வேண்டும்.

அந்தத் தூசைச் சும்மா நினைக்காதே, அம்மிணி. கான்கிரீட்டை அரைத்தால் பறக்கும் பொடியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் படிந்தால் திரும்பி வராது. நம் பக்கத்துக் கல்குவாரிகளில் வேலை செய்தவர்கள் இருமி இருமி ஓய்ந்ததை நீயும் பார்த்திருக்கிறாய். தூசு உறிஞ்சும் இயந்திரம் இணைத்த அரைப்பானாக இருக்க வேண்டும், இல்லை தண்ணீர் விட்டு அரைக்க வேண்டும். அரைக்கிறவர் தகுந்த முகக்கவசம் போட்டிருக்க வேண்டும். துணியைக் கட்டிக்கொள்வது போதாது. அன்றைக்குப் பாப்பாவைச் சிநேகிதி வீட்டில் விட்டுவிடு. சமையலறைக் கதவைப் பாலித்தீனால் மூடி ஒட்டு.

பள்ளத்தை நிரப்ப மூன்று வழி உண்டு. இரண்டு மூன்று மில்லிமீட்டர்ப் பள்ளத்துக்கு நன்றாகக் காய்ந்த நைசு மணலை விரித்து மட்டப்பலகையால் இழுத்துவிட்டுப் பலகை வைக்கிறார்கள்; சின்ன இடத்துக்குச் சரி, அறை முழுக்க வேண்டாம், மணல் நகரும். 25 மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் என்றால் சிமெண்ட் மணல் கலவையைப் பழைய கான்கிரீட்டோடு பிணைத்துப் போடலாம். அதைவிட மெல்லிசாகப் போட்டால், குறிப்பாக ஓரத்தை ஒன்றுமில்லாமல் தேய்த்து முடித்தால், அந்த ஓரம் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து வரும். உன் தரைக்கு இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள வழிதான் பொருந்தும்: லெவலிங் கலவை. ஆனால் சிமெண்ட் சார்ந்ததாக வாங்கு, ஜிப்சம் சார்ந்தது வேண்டாம். உன் வீட்டில் ஈரத் தடுப்புப் பாலித்தீன் கான்கிரீட்டுக்கு மேலேதான் வரப்போகிறது என்றாய். அப்படியென்றால் லெவலிங் கலவை ஈரத்தின் பக்கம் இருக்கும். ஜிப்சம் ஈரத்தில் நின்றால் இளகிப் போகும்.

ஊற்றும் முன் கான்கிரீட்டின் மேலே வெள்ளையாகப் படிந்திருக்கும் பால் ஏட்டை உரசி எடுக்க வேண்டும். காசால் சுரண்டிப் பார்; பொடி உதிர்ந்தால் ஏடு இன்னும் இருக்கிறது. அதன்மேல் எது ஒட்டினாலும் ஏட்டோடு வந்துவிடும். பிறகு பிரைமர். பிறகு மூட்டையில் அச்சிட்ட அளவுத் தண்ணீர், ஒரு டம்ளர் கூடக் கூடாது. நன்றாக ஓடட்டும் என்று தண்ணீரைக் கூட்டுவார்கள். அப்படிச் செய்தால் சிமெண்ட் மேலே மிதந்து, காய்ந்ததும் மாவாக உதிரும். கலக்க ஒருவர், ஊற்ற ஒருவர், இழுக்க ஒருவர் என்று மூன்று பேர் வேண்டும். கலந்த வாளி கால்மணி நேரத்தில் இறுக ஆரம்பிக்கும். மாப்பிள்ளை தனியாகச் செய்ய ஆசைப்பட்டால் நான் வேண்டாமென்று சொன்னதாகச் சொல்.

இன்னொரு கணக்கையும் மேலேயிருந்து கீழே போட்டுப் பார்த்துவிடு. டைல்ஸும் பசையும் 15 மில்லிமீட்டர், ஸ்கிரீட் 65, பலகை 100, ஆக 180. கதவு வாசற்படி மட்டத்திலிருந்து உன் கான்கிரீட்டின் உயரமான புள்ளி வரை 180 இருக்கிறதா? இல்லையென்றால் ஏதாவது ஒன்றைக் குறைக்கச் சொல்வார்கள், குறைவது பெரும்பாலும் பலகையாகத்தான் இருக்கும். அதற்கு ஒப்புக்கொள்ளாதே. கான்கிரீட் வெப்பத்தைக் கடத்துவதில் நல்ல நுரைப்பலகையைப் போல ஐம்பது மடங்குக்கும் மேல். பலகை இருபது மில்லிமீட்டர் மெலிந்தால் அந்த நஷ்டத்தை எத்தனை கான்கிரீட் போட்டாலும் ஈடுகட்ட முடியாது. நீ காசு கொடுத்துச் சூடாக்கிய தண்ணீர் லீட்ஸ் மண்ணைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். நம் பழைய வீட்டு மொட்டை மாடியில் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து, கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடித்து அடித்துப் போட்ட தளம் இருக்கிறதே, அதன்மேல் தட்டோடு ஒட்டியது, அது இன்றைக்கும் சித்திரை வெயிலை உள்ளே விடுவதில்லை. போட்டவர்கள் கனத்தைக் குறைக்கவில்லை.

மேல் வேலை அவருக்குத் தெரிந்ததுதான், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். சுவரோரம் சுற்றிலும் நுரைப்பட்டை வைக்க வேண்டும், ஸ்கிரீட் விரிய இடம் வேண்டுமல்லவா. பலகை இணைப்புகளுக்கு டேப் ஒட்ட வேண்டும். குழாயில் தண்ணீர் அழுத்தம் ஏற்றி, ஊற்றும்போதும் அழுத்தம் குறையாமல் இருக்கிறதா என்று மீட்டரைப் பார்க்க வேண்டும். ஊற்றும் முன் குழாய் ஓடும் பாதையை டேப் வைத்துப் படம் எடுத்து வை. நாளைக்கு அலமாரிக்குத் துளை போடும்போது உதவும். சிமெண்ட் ஸ்கிரீட் என்றால் 21 நாள் கழித்துத்தான் சூடு ஏற்ற வேண்டும், ஓடும் ஜிப்சம் ஸ்கிரீட் என்றால் 7 நாள். முதல் மூன்று நாள் தண்ணீர் 25 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, பிறகுதான் முழுச்சூடு. தரையின் மேல் சூடு 29 டிகிரிக்குள் நிற்க வேண்டும். நம் ஊர் மார்கழிப் பகல் வெயில் அளவுதான். அதுவே பாதத்துக்குப் போதும்.

அந்த வேலைக்காரரோடு சண்டை வேண்டாம். தளம் கோணலாகப் போட்டது அவர் ஆளாக இருக்கலாம், வேறு ஆளாக இருக்கலாம். அதைப் பேசி இப்போது ஆகப்போவது ஒன்றுமில்லை. "2 மீட்டர் மட்டப்பலகைக்கு அடியில் 5 மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்த பிறகுதான் வெப்பத்தடுப்புப் பலகை வைக்க வேண்டும், அதற்கு என்ன செலவு, யார் செலவு" என்று எழுத்தில் கேள். அளவுத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்கிறவளிடம் எந்த நல்ல வேலைக்காரரும் மாட்டேனென்று சொல்ல மாட்டார். இரண்டொரு நாள் தள்ளிப்போகும். ஸ்கிரீட் லாரிக்குத் தேதி வாங்கியிருந்தால் அதை மாற்றிக்கொள்.

மார்கழியில் அம்மாவை அங்கே அனுப்பலாமென்று பேசிக்கொண்டிருக்கிறோம். குளிரில் கால் மரத்துப் போகும் என்றுதான் அம்மா தயங்குகிறார்கள். சமையலறைத் தரை சூடாக இருக்கும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இந்தச் சனி ஞாயிறில் டியூப் வாங்கி அளந்துவிடு. கட்டம் போட்டு எழுதிய தாளைப் படம் பிடித்து அனுப்பு. எந்த மேட்டை எவ்வளவு இறக்குவது, எத்தனை மூட்டை வாங்குவது என்று நான் கணக்குப் போட்டுத் திருப்பி அனுப்புகிறேன். அதுவரை பலகையை உள்ளே இறக்க விடாதே.

இப்படிக்கு,
உன் அண்ணன்.